அத்தை இறங்காத கார்

மாமியாரிடம் நல்ல பெயர் வாங்க நினைக்கும் மருமகன்கள் என்ன வேண்டுமானாலும் செய்யலாம். கோயிலுக்குக் கூட்டிப் போகலாம், அவர் வைக்கும் ரசத்தைப் புகழலாம். (இதை மட்டும் அளவோடு செய்யுங்கள். அதிகமாகப் புகழ்ந்தால் பிறகு தினமும் ரசம்தான்.) ஆனால் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருக்கை வைத்த காரில் அவரை ஏற்றிவிடக் கூடாது. இதை நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. பூப்பாறைக்குப் பக்கத்தில் ஒரு ஏலத்தோட்டத்தில், ஊரே பார்க்க, வெறுங்காலோடு ஓடித் தெரிந்துகொண்டேன்.

போடியில் எனக்கு டிராக்டர் உதிரிபாகக் கடை. அடுத்த தெருவில் சேவியர் அண்ணனின் ஏலக்காய்க் கிட்டங்கி. அங்கே மூட்டைகளுக்கு நடுவே, மெத்தென்ற போர்வைக்குள் ஒரு ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார் உறங்கிக்கொண்டிருக்கும். சிவப்பு நிறம், இரண்டே இருக்கை. பொத்தானை அழுத்தினால் முகப்பு விளக்குகள் தவளைக் கண் மாதிரி மேலே எழும்பி வரும். அதற்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. ஆனால் என்னை யாரும் அவ்வளவு நன்றாகப் பராமரிக்கவில்லை. பெயிண்ட் முதற்கொண்டு எல்லாம் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும். பழைய கார் சேகரிக்கிறவர்கள் கோயம்புத்தூரிலிருந்தெல்லாம் வந்து, சுற்றிச் சுற்றிப் பார்த்து, பெருமூச்சு விட்டுவிட்டுப் போவார்கள். அண்ணன் விற்க மாட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் துடைக்க உதவி செய்யும் உரிமை எனக்கு மட்டும் உண்டு. அந்த உரிமையை வைத்துத்தான், என் மச்சினன் சரவணனுக்கு மலைமேல் பூப்பாறைப் பக்கம் பெண் பேசி முடித்துப் பூ வைக்கும் நாளன்று காரைக் கேட்டேன்.

அண்ணன் வெகுநேரம் யோசித்தார். "வண்டி நின்னுக்கிட்டே இருந்தாலும் கெட்டுத்தான் போகும். மெதுவா மேட்டுக்குப் போயிட்டு வா. ஆனா உள்ள எதுவும் திங்கக் கூடாது. செருப்புக் காலோட ஏறக் கூடாது."

என் மாமியாருக்கு வேன் என்றாலே குமட்டும். அதனால் சொந்தபந்தங்கள் வேனில் முன்னால் போக, மாப்பிள்ளையின் அம்மாவான அத்தை என்னோடு காரில் வருவது என்று நானே திட்டம் போட்டேன். என் மனைவி செல்வி தடுத்தாள். "அம்மாவுக்கு முழங்கால் வலி. அந்த வண்டி ரொம்பத் தாழ்வா இருக்குங்க."

"இது ஜப்பான்காரன் செஞ்சது. அவனுக்குத் தெரியாத முழங்காலா?" என்றேன். (என்ன அர்த்தத்தில் சொன்னேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.)

ஏறுவதில் ஒரு சிரமமும் இல்லை, புவியீர்ப்பு விசை நம் பக்கம் இருந்தது. அத்தை கதவோரம் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்பக்கமாகச் சாய்ந்தார். 'தொப்' என்று ஒரு சத்தம், அத்தை உள்ளே இருந்தார். மடியில் பூத்தாம்பாளத்தை வைத்தேன். நானும் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறிக் கிளப்பினேன். இரண்டு ஜோடிச் செருப்பையும் கோயில் வாசலில் விடுவது போலப் போடித் தெருவிலேயே விட்டுவிட்டு வந்தது மலையடிவாரத்து முந்தல் தாண்டிய பிறகுதான் உறைத்தது.

மலையேறும்போது அத்தை உற்சாகமாக இருந்தார். லாரிகளைக் கடக்கும்போது அவர் முகத்துக்கு நேராக டயர்தான் தெரியும். "மாப்ளே, அந்தா அவன் சக்கரத்துல ஒரு நட்டு லூசா இருக்கு, நிறுத்திச் சொல்லிட்டுப் போவம்" என்றார். தோட்ட வேலைக்கு ஆள் ஏற்றிப்போன ஜீப்பு ஒன்று வளைவில் பக்கத்தில் வந்தது. டிரைவர் குனிந்து பார்த்து, "அண்ணே, படுத்துக்கிட்டா ஓட்டுறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார். மேலே பனிமூட்டம் வந்தது. நான் விளக்குப் பொத்தானை அழுத்தினேன். இரண்டு கண்களும் எழும்பியதைப் பார்த்த அத்தை கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

பெண்வீட்டு வாசலில் மேளத்தோடு நின்றார்கள். வேனில் வந்த எங்கள் ஆட்களும் அவர்களோடு கலந்து நின்றார்கள். நான் ஸ்டைலாக ஒரு வட்டம் அடித்து நிறுத்தி, இறங்கி ஓடி, அத்தை பக்கக் கதவைத் திறந்தேன். எல்லோரும் காத்திருந்தார்கள். அத்தையும் காத்திருந்தார்.

"இறங்குங்க அத்தை."

"எப்பிடி மாப்ளே?"

அவருடைய முழங்கால் மோவாய் உயரத்தில் இருந்தது. தாம்பாளத்தை வாங்கிக்கொண்டு ஒரு கையைப் பிடித்து இழுத்தேன். வளையல்தான் வந்தது. பெண்ணின் அப்பா செல்லையா இன்னொரு கையைப் பிடித்தார். மலையிலேயே பிறந்து வளர்ந்தவர் என்பதால் அவர் பேச்சில் பாதி மலையாளம் கலந்திருக்கும். "பதுக்கெ, பதுக்கெ" என்று, அதாவது மெதுவாக என்று, சொல்லிக்கொண்டே பலமாக இழுத்தார்.

"கைய விடுங்க சம்பந்தி. கை தனியா வந்துரும்" என்றார் அத்தை.

ஆளுக்கொரு யோசனை வந்தது. ஒருவர் காரைச் சாய்க்கலாம் என்றார். இன்னொருவர் கயிறு கொண்டா என்றார். தோட்டத்தில் மரம் அறுக்கும் மிஷின் இருக்கிறது, மேல் தகட்டை மட்டும் எடுத்துவிட்டால் ஆளை நேராகத் தூக்கிவிடலாம் என்று பெண்ணின் சித்தப்பா சொன்னபோது எனக்குக் கண் இருட்டியது. சேவியர் அண்ணனுக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, அத்தையால இறங்க முடியல."

"சீட்டு கிழியலையே?"

"இல்லண்ணே. அத்தைதான் உள்ள..."

"கதவு திறந்திருக்கா? உள் லைட்டை அணைச்சிரு, பேட்டரி இறங்கிரும்" என்று சொல்லி வைத்துவிட்டார்.

நல்ல நேரம் முடியப்போகிறது என்று பெரியவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். செல்வி என்னைப் பார்த்த பார்வையில், அன்றிரவு எனக்குச் சோறு கிடையாது என்று எழுதியிருந்தது. அப்போது காருக்குள்ளிருந்து கணீரென்று குரல் வந்தது.

"பொண்ணை இங்க கூட்டிட்டு வாங்க. நான் பூவை வைக்கிறேன்."

"அது முறையில்லையே" என்று இழுத்தார் சித்தப்பா.

"போடியிலருந்து வாசல் வரைக்கும் நான் வந்துட்டேன். மிச்சத்துக்குப் பொண்ணு வரட்டும்."

கயல்விழி வந்தாள். பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை. கதவுப் பக்கம் குனிவாள் என்று நினைத்தோம். அவளோ காரைச் சுற்றிப் போய், வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, கொசுவத்தை ஒதுக்கிக்கொண்டு டிரைவர் இருக்கையில் சட்டென்று உட்கார்ந்துவிட்டாள். தாம்பாளத்தை மறுபடி அத்தை மடியில் வைத்தேன். அத்தை கயலின் தலையில் பூ வைத்தார், நெற்றியில் குங்குமம் வைத்தார், கை பட்ட வாக்கில் ஸ்டியரிங்கிலும் ஒரு பொட்டு வைத்தார். பெண்கள் காரைச் சுற்றி நின்று குலவை போட்டார்கள். அத்தோடு முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன்.

இரண்டு பேரும் உள்ளே ஏதோ பேசிச் சிரித்தார்கள். அத்தை தன் பக்கத்துக் கதவைச் சாத்திக்கொண்டார். (என்ன பேச்சு என்று பிறகு தெரிந்தது. "அத்தே, உங்கள இறக்கி விடவா?" "இறக்கி விடு ஆத்தா, சாவி அதுலதான் இருக்கு.") இன்ஜின் உறுமியது. நான் கண்ணாடியைத் தட்டி, "அம்மா, கிளச்சு கொஞ்சம் கடுசா இருக்கும், இது லேசுப்பட்ட கார் இல்ல" என்றேன்.

"தள்ளி நில்லுங்கண்ணே" என்றாள் கயல். தினமும் தோட்டத்து ஜீப்பை ஓட்டுகிறவள் அவள் என்பது எனக்கு எப்படித் தெரியும்?

கார் கிளம்பிவிட்டது.

மேளக்காரர்கள் என்ன செய்வதென்று தெரியாமல் வேகமாக அடித்தார்கள். சரவணன் கையில் மாலையோடு வாயைத் திறந்தபடி நின்றான். பூ வைத்த கையோடு மாப்பிள்ளையை விட்டுவிட்டு மாமியாருடன் ஓடிப்போன பெண்ணை அந்த மலை அன்றுதான் பார்த்திருக்கும். நான் காரின் பின்னால் ஓடினேன். வெறுங்கால், சரளைக்கல் பாதை, அவிழ்கிற பட்டுவேட்டி. ஏலச்செடிகளுக்கு நடுவே வேலையாக இருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். முன்னால் போன காரிலிருந்தும் சிரிப்புச் சத்தம் கேட்டது.

நான் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது காப்பி காயப்போடும் சிமெண்டுக் களத்தின் மேல், அதன் விளிம்பை ஒட்டி கார் நின்றிருந்தது. களம் தரையைவிட முழங்கால் உயரம் மேடு. அத்தை பக்கத்துக் கதவு சரியாகப் பள்ளத்தைப் பார்த்துத் திறந்திருந்தது. அத்தை இரண்டு காலையும் கீழே தொங்கவிட்டார், தரையில் ஊன்றினார், நாற்காலியிலிருந்து எழுவது போல எழுந்து நின்றார். அவ்வளவுதான்.

"வெரசா வாங்க மாப்ளே, பந்தி ஆரம்பிச்சிரும்" என்று சொல்லிவிட்டுக் கயலின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் கல் குத்திய காலோடு பின்னால் நொண்டினேன்.

அன்றைக்குச் சாப்பாடு அருமை என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கு ருசி தெரியவில்லை, சேவியர் அண்ணன் நினைப்பாகவே இருந்தது. மாலையில் காரை ஒப்படைத்தபோது அவர் முதலில் பார்த்தது அந்தக் குங்குமப் பொட்டைத்தான். துணியை எடுத்துக்கொண்டு ஓடினேன். நடந்ததை முழுக்கக் கேட்டுவிட்டு, வயிறு குலுங்கச் சிரித்து, "விடு தம்பி, இருக்கட்டும். துடைக்காத" என்றார். இப்போது கார் பார்க்க வருகிறவர்களிடம் பெயிண்டுக்கு முன்னால் அந்தப் பொட்டைத்தான் காட்டுகிறார்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. விசேஷம் என்றால் இப்போது அண்ணன் தானாகவே சாவி கொடுத்தனுப்புகிறார், கயலிடம். பக்கத்து இருக்கையில் அத்தை. நான் வேனில், தாம்பாளங்களைப் பிடித்துக்கொண்டு வருகிறேன்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நான் எந்த வீட்டு வாசலில் போய் நின்றாலும், பைக்கில் தனியாகப் போனாலும், பஸ்சில் போய் இறங்கினாலும், சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: "வாங்க மாப்ளே, அத்தைய இறக்கியாச்சா?" போன மாதம் தேவாரத்தில் ஒரு காதுகுத்துக்குப் போயிருந்தேன். பந்தலுக்குள் நுழைவதற்குள் அந்தக் கேள்வி வந்துவிட்டது. கேட்டவர் முன்வரிசையில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த என் அத்தை.