செக்குபந்தி சாரும் நாலு எல்லையும்

திருத்தணியில் எல்லாத் திசையும் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் மலை மேல் இருக்கிறார். இன்னொருவர் எங்கள் தெருவில் இருந்தார்.

பெற்றோர் வைத்த பெயர் பென்ஷன் ஆபீசுக்கு மட்டும்தான் தெரியும். ஊருக்கு அவர் செக்குபந்தி சார். தாலுகா ஆபீசில் காலமெல்லாம் நிலப் பத்திரங்களோடு மல்லுக்கட்டி, துணை தாசில்தாராக ஓய்வு பெற்றவர். ஒரு மனை எங்கே இருக்கிறது என்று சொல்வதற்கு, வடக்கே யார் வீடு, தெற்கே யார் தோட்டம் என்று நாலு எல்லையையும் எழுதுவார்களே, அதுதான் செக்குபந்தி. ஆபீசை விட்டு வந்தவர் அதை மட்டும் கையோடு வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டார்.

கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால், "ஊறுகாய்க்கு வடக்கே காலியா கீது பாரு, அங்க பொரியல் வைப்பா" என்பார். பரிமாறுகிறவர் திருதிருவென்று விழிப்பார்.

ஒருமுறை முதுகு வலி என்று டாக்டரிடம் அழைத்துப் போனேன்.

"எங்க வலிக்குது?"

"இடுப்புக்குக் கிழக்கேங்க."

டாக்டர் சுழலும் ஸ்டூலோடு அவரைத் திருப்பி உட்கார வைத்து, "இப்ப?" என்றார்.

"இப்ப மேற்கே வந்துடுச்சிங்க."

அன்று டாக்டர் தனக்கும் ஒரு தலைவலி மாத்திரை போட்டுக்கொண்டார்.

மூத்த மகளைப் பெண் பார்க்க அரக்கோணத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளையின் வேலை, சம்பளம் எதையும் இவர் விசாரிக்கவில்லை.

"உங்க ஊட்டுக்கு வடக்கே இன்னா?"

"ரயில்வே லைனுங்க."

சாரின் முகம் மலர்ந்துவிட்டது. "கவர்மெண்ட் எடம்! அந்தப் பக்கம் வேலித் தகராறே வராது. பொண்ணத் தாராளமா குடுக்கலாம்."

"மாப்பிள்ள மூஞ்சியையும் கொஞ்சம் பாரு நைனா" என்று உள்ளேயிருந்து மகள் கெஞ்சினாள். நல்லவேளை, மாப்பிள்ளை தங்கமானவராக அமைந்தார்.

இத்தனைக்கும் ஈடுகொடுத்தவர் அவர் மனைவி சரோஜாம்மா. உப்பு எங்கே என்று சார் கேட்பார். அடுப்புக்குப் பக்கத்தில் என்பார் அம்மா. "எந்தப் பக்கம்?" என்பார். "இந்தப் பேச்சு பேசறதா இருந்தா அந்த ஆபீசுலயே போய் சோறு துண்ணுங்க" என்று கரண்டி பறக்கும்.

ஓர் ஆடிக் கிருத்திகை அன்று அவர்களோடு நானும் கிளம்பினேன். சரவணப் பொய்கை அருகே காவடிக் கூட்டம் அலைமோதியது. திரும்பிப் பார்த்தால் சரோஜாம்மாவைக் காணோம். அவருக்குச் சர்க்கரை வியாதி. வெறும் வயிற்றில் வந்திருந்தார். மாத்திரை, செல்போன் எல்லாமே சாரின் பையில்.

போலீஸ் பந்தலுக்கு ஓடினோம்.

"இன்னா கலர் பொடவ சார்?" என்றார் ஏட்டு.

சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். புடவையின் நிறத்தை அவர் கவனித்திருக்கவே இல்லை.

"சரி, எந்தப் பக்கமா போனாங்க?"

"எனக்குத் தெற்கேதான் நடந்து வந்துகினு இருந்துச்சி..." என்றவர் கூட்டத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "நகர்ற சொத்துக்கு செக்குபந்தி கெடையாதுப்பா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் மாத்திரைப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டதைப் பார்த்ததும் சிரிப்பு செத்துப் போனது.

அப்போது எங்கள் தலைக்கு மேல் ஒலிபெருக்கி கரகரத்தது. வேறொரு பந்தலிலிருந்து, சந்தேகமே இல்லை, சரோஜாம்மாவின் குரல்.

"ஏங்க, நான் சரோஜா பேசறேன். வடக்கே பொய்கைப் படிக்கட்டு. தெற்கே மொட்டை அடிக்கிற எடம். கிழக்கே செருப்பு வுடற எடம். மேற்கே பஞ்சாமிர்தக் கடை. நடுவுல நான் நின்னுகினு கீறேன். எங்கியும் நகர மாட்டேன். வந்து இட்டுகினு போங்க."

கூட்டமே சிரித்தது. செக்குபந்தி சார் ஓடினார். முதுகு வலிக்காரர் அப்படி ஓடுவார் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை.

அம்மா சொன்ன இடத்தில் அப்படியே நின்றிருந்தார். "எல்லை சரியா சொன்னேனா?" என்றார்.

சார் கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தார். "மேற்கே பஞ்சாமிர்தம் இல்ல, பொரிக்கடை" என்றார். சொல்லிவிட்டு, அத்தனை ஜனங்களுக்கு நடுவில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். மலை ஏறி இறங்கி வீடு வந்து சேரும்வரை விடவே இல்லை.

போன மாதம் சார் போய்விட்டார். துக்கம் கேட்கப் போனேன். கூடத்தில் அவருடைய சாய்வு நாற்காலி இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சரோஜாம்மாவும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வடக்கே ஜன்னல், தெற்கே டி.வி., கிழக்கே சாமி படம், மேற்கே நான்" என்றார். "நாலு எல்லையும் அப்படியேதான் கீது தம்பி. நடுவுலதான் காலி."