வளைவுக்கு ஒரு டக்

கிள்ளான்
17 ஆகஸ்ட் 2025, ஞாயிறு, காலை மணி 10.40
இன்றைய திருப்பங்கள்: 14. சத்தம்: 14.

பூச்சோங்கில் ஒர்க்‌ஷாப் நடத்தும் மதிப்பிற்குரிய பாலன் மச்சானுக்கு, உங்கள் தங்கை வாணியின் கணவன் குரு வணக்கத்துடன் எழுதுவது. நான், வாணி, பதினொரு மாத மலர் மூவரும் நலம். உங்கள் நலத்தைப் போனிலேயே கேட்டிருப்பேன். நீங்கள் என் நம்பரை பிளாக் செய்துவிட்டதால் தபால்தலை ஒட்ட வேண்டியதாயிற்று.

நடந்ததை வரிசையாகச் சொல்கிறேன். இரண்டு மாதமாகக் கார் திரும்பும்போதெல்லாம் ‘டக்’. நான் மெக்கானிக்கல் இன்ஜினியர். திரும்பும்போது சத்தம் என்றால் சக்கரத்தைச் சுழற்றும் டிரைவ் ஷாப்ட் நுனியில் உள்ள மூட்டு தேய்ந்துவிட்டது என்று முடிவு கட்டிக்கொண்டுதான் வாணியையும் மலரையும் ஏற்றிக்கொண்டு உங்களிடம் வந்தேன். நீங்கள் காரைத் தூக்கிப் பார்த்தீர்கள். ரப்பர் உறை கிழியவில்லை, கிரீஸ் வழியவில்லை. “மூட்டு தேஞ்சா சக்கரம் சுத்தச் சுத்த டக் டக் டக்னு அடிக்கும் மாப்ள. இது வளைவுக்கு ஒண்ணுதான் அடிக்குது. டிரைவ் ஷாப்ட் இல்ல லா” என்றீர்கள். நான் கேட்கவில்லை. மாற்றச் சொன்னேன், மாற்றினீர்கள், மூவரும் ஏறி வெளியே வந்து முதல் வளைவிலேயே ‘டக்’. திரும்பி வந்து மூன்று கஸ்டமர், டீ கொண்டுவந்த அக்கா எல்லார் முன்னாலும், “நீங்க ஸ்பேனர் புடிச்சவரு, நான் டிகிரி புடிச்சவன்” என்றேன். நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டே, “அப்ப காதுகுத்துக்கு வேற மடி பாத்துக்க” என்றீர்கள்.

மடி கடையில் கிடைக்காது என்பதை வாணி வீட்டில் விளக்கினாள். தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் மலரின் காதில் ஊசி படக்கூடாதாம். பிரிக்பீல்ட்ஸ் கோயிலில் 31ஆம் தேதிக்கு நேரம் குறித்தாகிவிட்டது. அன்றிலிருந்து அவள் என்னிடம் பேசுவது “சோறு இருக்கு”, “சோறு இல்ல” என்ற இரண்டு வாக்கியங்கள்தான்.

சரி, நானே கண்டுபிடிக்கிறேன் என்று இறங்கினேன். தனியாகப் போய் ஷா ஆலம் ரவுண்டபவுட் ஒன்றை ஒன்பது முறை சுற்றினேன். சத்தமே இல்லை. ஓரமாக லோரியை நிறுத்தியிருந்த அண்ணன், “தம்பி, வழி தெரியலயா?” என்று கேட்டதுதான் மிச்சம். வாணி ஏறினால் மட்டும் சத்தம் வருகிறது, ஆகவே எடைதான் காரணம் என்று, “உன் எடை எவ்வளவு?” என்றேன். “எதுக்கு?” “டெஸ்டுக்கு.” அன்று இரண்டாவது வாக்கியம். உத்தேசமாகப் பத்துக் கிலோ அரிசி மூட்டை ஆறு வாங்கிப் பின்சீட்டில் அடுக்கி, பெல்ட்டும் போட்டு ஓட்டினேன். அரிசி வாய் திறக்கவில்லை.

இன்று காலை மூவரும் பாசாருக்கு மீன் வாங்கப் போகும்போது போனை வீடியோவில் போட்டு என் சீட்டுக்கு அடியில் ஒட்டி வைத்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் படத்தில் ஒரு கால் இருக்கிறது. மலரோடு எனக்குப் பின்னால் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிப்போட்ட உங்கள் தங்கையின் கால். ஒவ்வொரு வளைவிலும் அது என் சீட்டின் இரும்புச் சட்டத்தில் ஊன்றுகிறது, மெட்டி படுகிறது. டக்.

வாணியிடம் காட்டினேன். “முதல்ல பயத்துலதான் ஊணினேன். நீங்க வளைக்கிற வளைப்புல புள்ள தல ஒரு பக்கமா சாயுது. மெதுவா போங்கன்னு எத்தன தடவ சொன்னேன், காதுல விழுந்துச்சா? மெட்டி பட்டு டக்குன்னுச்சு, உடனே பிரேக்க அமுக்கிட்டு ‘கேட்டியா, கேட்டியா’ன்னீங்க. நான் சொன்னா கேக்க மாட்டாரு, கார் சொன்னா கேக்கறாருன்னு அப்புறம் வேணும்னேதான் தட்டினேன்.”

“ஷாப்ட்ட மாத்துறப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?”

“சொன்னா மறுபடி அறுபதுல வளைப்பீங்க.”

“அண்ணன்கிட்ட சண்ட போட்டப்ப?”

அதற்குத்தான் அழுதாள். “நான்தான்னு சொல்லிட்டு அண்ணன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?”

மச்சான், இரண்டு மாதமாக நாலு சக்கரத்தையும் சந்தேகப்பட்டேன். ஒரு தடவைகூடத் திரும்பிப் பின்சீட்டைப் பார்க்கவில்லை. நீங்கள் சொன்னதுதான் சரி. கழற்றிப்போட்ட பழைய ஷாப்ட்டில் ஒரு குறையும் இல்லை. திட்டுவதென்றால் என்னைத் திட்டுங்கள், வாணியை வேண்டாம். சத்தத்தின் காரணம் அடியோடு நீங்கிவிட்டது என்று இன்ஜினியர் என்ற முறையில் உறுதி கூறுகிறேன். வாணியின் அண்ணிக்கு என் வணக்கம். மலர் உங்கள் போட்டோவைப் பார்த்துக் கை நீட்டுகிறாள்.

தங்கள் அன்புள்ள மாப்பிள்ளை,
குரு

பி.கு.: மாலை மணி 6.15. தபாலில் சேர்க்கும் முன் மூவரும் ஒரு ரவுண்டு போனோம். வேகம் இருபது. வாணியின் இரண்டு கால்களும் செருப்புக்குள் இருந்தன, நானே குனிந்து பார்த்தேன். முதல் வளைவிலேயே ‘டக்’. நிறுத்திவிட்டுத் திரும்பினேன். மலர் பால் புட்டியால் பெல்ட் கொக்கியில் தட்டிவிட்டு, நான் பிரேக் போட்டேனா என்று கவனித்துக்கொண்டிருந்தாள். வாணி சிரித்தாள், பத்து நாளில் முதல் தடவை. ஆகவே மேலே கூறிய உறுதி செல்லாது. இனி நான் செய்யப்போவது:

1. வளைவில் இருபதுக்கு மேல் போக மாட்டேன்.
2. வரும் சனிக்கிழமை வெற்றிலைத் தட்டுடன் வாணியையும் மலரையும் அழைத்துக்கொண்டு ஒர்க்‌ஷாப்புக்கு வருவேன். அந்த மூன்று கஸ்டமர் கிடைக்காவிட்டாலும் டீ அக்காவை இருக்கச் சொல்லுங்கள். அவர் முன்னால் மன்னிப்புக் கேட்பேன்.
3. நீங்கள் கேட்டைச் சாத்தினால் வெளியே நிற்பேன். தட்டு வாணி கையில் இருக்கும், அவளுக்காகத் திறப்பீர்கள்.
4. இந்தச் சத்தத்தை ரிப்பேர் செய்ய மாட்டேன்.
5. காதுகுத்தன்று புட்டியோடுதான் மலரை உங்கள் மடியில் வைப்பேன். அவள் தட்டினால் பயந்துவிட்டாள் என்று அர்த்தம். கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.