ஆவிக்கு ஆவன செய்யப்படும்

தமிழ்க் கலை வரலாற்றை இரண்டே காலங்களாகப் பிரித்துவிடலாம். 'மஞ்சணத்தி வீடு' என்னும் தொலைக்காட்சித் தொடரில் குமுதாவின் ஆவி மனு எழுதியதற்கு முந்தைய காலம், எழுதியதற்குப் பிந்தைய காலம். நடுவில் குறிப்பிடும்படி எதுவும் நடக்கவில்லை என்பது சிதம்பரம் சுப்பராயலுவின் துணிபு. அவர் கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளர். எந்த அலுவலகம் என்று சொல்வது அலுவலகத்துக்கும் நல்லதல்ல, சொல்பவருக்கும் நல்லதல்ல. சான்றிதழ் கொடுக்கும் அலுவலகம் என்பதோடு நிறுத்திக்கொள்வோம். 'கொடுக்கும்' என்பதும் ஒரு மரியாதைக்குச் சொன்னதுதான்.

2009இல் அந்தத் தொடர் உச்சத்தில் இருந்தது. முதல் நானூறு பகுதிகள் வரை யாருக்கும் புகார் இல்லை. சொத்துக்காகக் கொல்லப்பட்ட குமுதா வெள்ளிக்கிழமைதோறும் ஒரு கழுத்தைத் திருகினாள். எலுமிச்சம்பழம் தானாக உருண்டது. கதவு தானாகச் சாத்திக்கொண்டது. காட்டுமன்னார்கோயில் முதல் கடலூர் முதுநகர் வரை அந்த அரை மணி நேரம் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது, அணைக்க ஆளில்லை.

நானூற்று ஒன்றாம் பகுதியில் இடி விழுந்தது. திருகித் திருகி அலுத்துப்போன குமுதா, வீட்டைச் சட்டப்படி மீட்பது என்று முடிவெடுத்தாள். தன் மகளுக்கு வாரிசுச் சான்றிதழ் கேட்டு ஓர் அரசு அலுவலகத்துக்குப் போனாள். போனவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். தொடர் முடியும்வரை, அதாவது நூற்றுப் பதினெட்டு பகுதிகள், உட்கார்ந்தே இருந்தாள்.

மாவட்டம் இரண்டாகப் பிளந்தது. சுப்பராயலுவின் வீடும் பிளந்தது.

"பேய்னா பாத்தா பயமா இருக்கணும். இது பாக்கப் பாவமா இருக்கு. ரேஷன் கடையில நிக்கிற மாரி இருக்கு," என்றாள் அவர் மனைவி சௌந்தரம்.

"ஒனக்குக் கலைன்னா என்னான்னு தெரியுமா?" என்றார் சுப்பராயலு.

"தெரியாது. தூக்கம்னா என்னான்னு தெரியும். இதப் பாத்தா அது வருது."

சௌந்தரத்தின் தம்பி பாலகுமார் இன்னும் மோசம். சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலையில் ஷிப்ட் சூப்பர்வைசராக இருந்த அவன், ஞாயிறுதோறும் அக்கா வீட்டுக்கு வந்து, சாப்பிட்ட கையோடு கலைத்துரோகம் பேசினான். "மாமா, அந்தக் கடைசி ஆறு மாசத்த வெட்டி எறிஞ்சிட்டா தொடர் நல்ல தொடர்," என்றான். சுப்பராயலு அன்று மோர் ஊற்றிக்கொள்ளாமலே எழுந்துவிட்டார்.

இத்தகைய தேசியப் பிரச்சினையை வீட்டுக்குள் வைத்துத் தீர்க்க முடியாது என்று உணர்ந்த சிதம்பரம் மனமகிழ் மன்றத்தார், தங்கள் ஆண்டு விழாவில் பட்டிமன்றமே வைத்துவிட்டார்கள். 'மஞ்சணத்தி வீட்டின் கடைசி நூற்றுப் பதினெட்டு பகுதிகள்: பெருமையா, சிறுமையா?' பெருமை அணிக்குச் சுப்பராயலு தலைவர். சிறுமை அணிக்குப் பாலகுமார். நடுவர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் தேவநாதன்.

பொறுப்பை உணர்ந்த சுப்பராயலு, குறிப்பெடுப்பதற்காகப் பத்து நாள் 'மருத்துவ விடுப்பு' எடுத்தார். நோய், முதுகுவலி. எல்லாப் பகுதிகளையும் பதிவு செய்து வைத்திருந்த நண்பர் ஒருவரிடம் குறுந்தகடுகள் வாங்கி, நாளுக்குப் பன்னிரண்டு பகுதிகள் பார்த்தார். முதுகு உண்மையாகவே வலிக்க ஆரம்பித்தது. அவர் பொய் சொல்லாதவர் என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

ஞாயிற்றுக்கிழமை மாலை கல்யாண மண்டபம் நிரம்பி வழிந்தது. முதலில் பாலகுமார் எழுந்தான்.

"நடுவர் அவர்களே! எம்பது கழுத்தத் திருகின பேய் இது. ஒரு கிளார்க் கழுத்தத் திருக முடியாதா? 'நாளைக்கு வா'ன்னா, 'சரிங்க சார்'னு போவுது. பேய்க்கு ஒரு மானம் ரோசம் வேணாமா?"

கைதட்டல் காதைப் பிளந்தது. முன்வரிசையில் சௌந்தரமும் தட்டினாள். சுப்பராயலு அதைக் கவனித்துக்கொண்டார். பிறகு, நிதானமாகத் துண்டைச் சரிசெய்துகொண்டு எழுந்தார்.

"மச்சான் கேட்டாரு, பேய் ஏன் திருகலன்னு. அங்கதான் கலையே இருக்கு! மஞ்சணத்தி வீட்ல அதுக்குப் பலம் இருந்துச்சு. ஆனா அரசு அலுவலகத்துக்குள்ள நொழைஞ்சா, பேய்க்கே பலம் போயிடும்யா! மனுசனப் பேய் புடிக்கும். பேயப் புடிக்கிறது எது? நடைமுறை!"

மண்டபம் அதிர்ந்தது. அவருக்கு உள்ளே ஏதோ திறந்துகொண்டது. இருபத்தாறு ஆண்டுச் சேவையின் அனுபவமெல்லாம் நாக்கில் வந்து நின்றது.

"நானூத்தி முப்பத்தொண்ணாம் பகுதி. செவ்வாக்கெழம வான்னு சொல்றாங்க. ஏன் செவ்வா? திங்கக்கெழம கூட்டம் ஜாஸ்தி, புதன்கெழம அதிகாரி கேம்ப்பு. செவ்வாக்கெழம வந்தா, 'நேத்தே வந்திருக்கக் கூடாதா'ன்னு கேக்கலாம்! நானூத்தி அறுபதுல கோப்பு காணாமப் போவுது. போவலய்யா! பீரோ மேல இருக்கு. எல்லாருக்கும் தெரியும். ஆனா யாரு ஸ்டூல் போட்டு ஏர்றது? நானூத்தி தொண்ணூறுல, 'மனுதாரர் உயிரோடு நேரில் வரவும்'னு கடுதாசி. பேய் அழுவுது. மச்சான் சிரிக்கிறாரு. நான் சிரிக்க மாட்டேன். ஏன்னா அந்தக் கடுதாசி வாசகத்துல ஒரு எழுத்துக் குத்தமில்ல!"

"இதெல்லாம் கற்பனைதான மாமா?" என்று பாலகுமார் குறுக்கிட்டான்.

"கற்பனையா? நான் சொல்றேன்யா, இப்படித்தான் நடக்கும்! கடைசியில அந்த ஆவிக்கு ஆவன செஞ்சாங்களா இல்லியா? ஐநூத்திப் பதினெட்டுல சான்றிதழ் கையில குடுத்தாங்களா இல்லியா? அதுக்குப் பேரு நிர்வாகம்! இவ்ளோ உண்மையா ஒரு தொடர் இதுக்கு முன்னாடி வந்ததும் இல்ல, இனிமே வரப்போறதும் இல்ல!"

கூட்டம் எழுந்து நின்று தட்டியது. சௌந்தரத்தின் கைகள்கூட ஒருமுறை சேர்ந்து பிரிந்தன. தன் வாழ்க்கையில் இதைவிடப் பெரிய நாள் இல்லை என்று சுப்பராயலு நினைத்தார்.

தீர்ப்புக்கு முன் பார்வையாளர் யாராவது பேசலாம் என்றார் தேவநாதன். பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். நாற்பது வயது இருக்கும். கையில் ஒரு பை. அந்த முகத்தைச் சுப்பராயலு எங்கேயோ பார்த்திருக்கிறார். தொடரில் நடித்தவளோ என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

"எம்பேரு மங்கலம். சிப்காட்டுக்குப் பக்கத்துல ஊரு. ஐயா ஆபீசுல என் வீட்டுக்காரருக்கு வாரிசு சர்டிபிகேட்டு கேட்டு எழுதிக் குடுத்திருக்கேன். முந்தாநேத்து போனேன். சாருக்கு ஒடம்பு முடியல, சிதம்பரத்துல ஊட்ல இருக்காருன்னாங்க. பாத்துட்டுப் போலாம்னு சாத்துக்குடி வாங்கியாந்தேன். ஊட்ல இல்ல, இங்க இருக்காருன்னாங்க."

மண்டபத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

"சார் சொன்னதெல்லாம் நெஜந்தாங்க. எல்லாமே அப்படித்தான் நடந்துச்சு. ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும். அந்தப் பேயி மனு குடுக்கறதுக்கு ரெண்டு வருசம் முன்னாடி நான் குடுத்தேன். அதுக்கு வந்துடுச்சு, எனக்கு வரல. அவரு பள்ளிக்கூடத்துல வாட்ச்மேனா இருந்தாரு. அவரு வேலய எனக்குக் கேக்கணும்னா, செத்து மூணு வருசத்துக்குள்ள எழுதிக் குடுக்கணுமாம். வர்ற வெள்ளியோட மூணு வருசம் முடியுது. பீரோ மேலதான் இருக்குன்னு இப்பதான் சார் சொல்லித் தெரிஞ்சுது. நானே ஸ்டூல் போட்டு எடுத்துக்கட்டுங்களா?"

சுப்பராயலு வாயைத் திறந்தார். ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்றுதான் திறந்தார். இருபத்தாறு ஆண்டுப் பழக்கம் முந்திக்கொண்டது.

"செவ்வாக்கெழம ஆபீசுக்கு வாம்மா."

ஒலிபெருக்கி அதை மண்டபத்தின் கடைசி நாற்காலி வரை கொண்டுபோனது. யாரும் தட்டவில்லை. அவர் முன்வரிசையைப் பார்த்தார். சௌந்தரம் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேவநாதன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "கடைசி நூற்றுப் பதினெட்டு பகுதிகளும் பெருமைக்கு உரியவையே. திரு. சுப்பராயலு அதை ஐயத்துக்கு இடமின்றி நிரூபித்துவிட்டார். தொடரில் ஒரே ஒரு பிழைதான். பேயைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். அது மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்க வேண்டும்."

வெற்றி பெற்றவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அதைக் கையில் சுருட்டிக்கொண்டு அவர் மனைவிக்குப் பின்னால் நடந்தார். வாசலில் செருப்பைக் கழற்றும்போது அவள், "நாளைக்கு முதுவு வலி இருக்குமா?" என்று கேட்டாள்.

"இருக்காது," என்றார்.

திங்கட்கிழமை அவர் விடுப்பை ரத்து செய்துகொண்டு முதல் பஸ்ஸில் கடலூர் போனார். ஆள் யாரும் வருமுன் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். ஏறும்போது முதுகு நிஜமாகவே பிடித்துக்கொண்டது. கோப்பு இருந்தது. செவ்வாய் வரை பொறுக்காமல், பத்து மணிக்கே மங்கலம் வந்து வழக்கமான பெஞ்சில் உட்கார்ந்தாள். அவர் அவளைக் கூப்பிட்டு எதிரே நாற்காலியில் உட்காரச் சொன்னார். கோப்பில் விசாரணை அறிக்கைகள் எல்லாம் சரியாக இருந்தன. இரண்டு வருடமாகச் சரியாகத்தான் இருந்தன. குறிப்பு எழுதி, மேலதிகாரியிடம் தானே எடுத்துப் போய்க் கையெழுத்து வாங்கி, முத்திரை குத்தி, மை காய ஊதி, அவளிடம் நீட்டினார்.

மங்கலம் அதை இரண்டு கையாலும் வாங்கினாள். பெயர்களை ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படித்தாள். பிறகு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து இருபது.

"இவ்ளோதானா சார் வேல?" என்று கேட்டாள்.