பள்ளித் தோட்டத்தில் அவரை நட்ட விவரம்

அன்பும் பொறுமையும் நிறைந்த மைத்துனருக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கே உன் அக்கா நலம், வீடு நலம், பள்ளிக்கூடம் நலம். நான் மட்டும் கம்பில் இருக்கிறேன். அங்கே உன் நலம், உன் மனைவி மக்கள் நலம் எல்லாவற்றையும் நீ எழுதாமலேயே நலம் என்று எடுத்துக்கொள்கிறேன். படித்துச் சந்தோஷப்படும் நிலைமையில் நான் இல்லை. இந்தக் கடிதம் கண்டதும், வீட்டில் குழாய் உடைந்துவிட்டது, மாடி ஒழுகுகிறது, அத்தான் வந்தால்தான் ஆகும் என்று எதையாவது சொல்லி என்னை உடனே உன் வீட்டுக்கு அழைத்துக்கொள்ள வேண்டும். காரணத்தைக் கீழே எழுதுகிறேன். உட்கார்ந்து படி.

மின்சார அலுவலகத்தில் புகார் மேசையில் உட்கார்ந்து ஊரார் புகாரையெல்லாம் கேட்டு ஓய்வு பெற்றவன் நான். என் புகாரைக் கேட்கத்தான் நாதியில்லை. ஓய்வு பெற்ற கையோடு சும்மா இருக்க முடியாமல் உன் அக்காவுக்கு உதவியாக இருக்கட்டுமே என்று சமையலறை டப்பாக்களை அகர வரிசையில் அடுக்கினேன். அகர வரிசைப்படி சர்க்கரைக்குப் பக்கத்தில் சலவைத்தூள் வந்தது. இரண்டும் வெள்ளை. அன்றைக்குக் காபியில் நுரை நன்றாக வந்திருக்கிறது என்று உன் அக்கா முதலில் பாராட்டத்தான் செய்தாள். இரண்டாவது வாய்க்குப் பிறகு அவள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். கொஞ்ச நாள் கழித்து, "உங்க கை சும்மா இருக்காது. பள்ளிக்கூடத்துல தோட்டம் போடறோம், அங்க வந்து உருப்படியா ஏதாவது பண்ணுங்க" என்றாள். தலைமையாசிரியை சொன்னால் மறுபேச்சு ஏது? ஆழம் தெரியாமல் காலை விட்டேன். இப்போது முழங்கால் வரை சேற்றில் இருக்கிறது.

தோட்டம் என்றால் பள்ளிக்குப் பின்பக்கம், உடைந்த பெஞ்சுகளைப் போட்டு வைத்திருந்த இடம். பிள்ளைகள் நாலு சுவருக்குள் உட்கார்ந்து மண்ணைப் பற்றிப் படிக்காமல் மண்ணிலேயே உட்கார்ந்து படிக்கட்டும், பெற்றோரும் வந்து கைகொடுக்கட்டும் என்பது உன் அக்காவின் நெடுநாள் ஆசை. நிர்வாகச் செயலாளருக்கோ அந்த இடத்தில் கார் ஷெட் கட்ட ஆசை. அவரிடம் உன் அக்கா சண்டை போட்டு, "பருவம் முடியறதுக்குள்ள பச்சையாக் காட்டறேன், இல்லன்னா ஷெட்டு கட்டிக்கோங்க" என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். பெற்றோர்கள் வந்தார்கள், வந்ததும் வந்தார்கள், ஆளுக்கொரு தொழிலோடு வந்தார்கள். தையற்காரர் ஒருவர் இஞ்சு டேப் வைத்துப் பாத்தி அளந்து, பிள்ளைகள் வளர்ந்தால் பிரித்துவிட்டுக்கொள்ளலாம் என்று ஒவ்வொரு பாத்தியிலும் ஓரத்தை மடித்து வைத்தார். கீரை, தக்காளி, கத்தரி எல்லாம் விதைத்தோம். இந்த நேரம் பார்த்து உன் அக்காவைத் தலைமையாசிரியர் பயிற்சி என்று வெளியூருக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். போகும்போது, "செய்ய வேண்டியதை எல்லாம் விளையாட்டு வாத்தியாருக்குப் போன்ல சொல்றேன். அவர் சொல்றபடி கேளுங்க. குறுக்குக் கேள்வி கேக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

விளையாட்டு வாத்தியார் நல்ல மனுஷன்தான். ஆனால் உன் அக்காவின் குரல் போனில் கேட்டாலே எழுந்து நின்று, இடது கையால் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொள்கிறவர். திருப்பி ஒரு வார்த்தை கேட்டு அறியாதவர். முதல் நாள் போனை வைத்துவிட்டு என் முன்னால் வந்து நின்று தலையைச் சொறிந்தார். "சார், மேடம் பேசினாங்க. அவரை வெயில் படற இடமாப் பாத்து நட்டு வைக்கச் சொன்னாங்க."

"யாரை?"

"உங்களைத்தான் சார். மேடம் உங்களை வேற எப்படிச் சொல்லுவாங்க?"

வாஸ்தவம்தானே. கல்யாணமான நாளிலிருந்து அவள் வாயில் நான் 'அவர்'தான். பள்ளிக்கூடத்திலும் எனக்கு அதுதான் பேர். வாசலில் என் தலை தெரிந்தால் ஆசிரியர் அறையில் 'அவர் வந்தாச்சு' என்பார்கள். சரி, சலவைத்தூள் கோபம் இன்னும் ஆறவில்லை போலிருக்கிறது, நாலு பிள்ளைகள் முன்னால் வெயிலில் நிற்க வைக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன். செய்த தப்புக்கு நின்றுதான் ஆக வேண்டும். முழங்கால் வரை குழி தோண்டி என்னை இறக்கி, மண்ணைத் தள்ளி, வாத்தியார் பக்குவமாக மிதித்து விட்டார்.

அது ஒரு நாளோடு போயிருந்தால் உனக்கு எழுதியிருக்க மாட்டேன். மறுநாள் போனில், பக்கத்தில் ஒரு கம்பு ஊன்றி அவரை சேர்த்துக் கட்டுங்கள், ரொம்ப இறுக்க வேண்டாம், ஒடிஞ்சிடும் என்றாளாம். "ஒடிஞ்சிடும்னா உங்க இடுப்பைச் சொல்றாங்க சார். எவ்வளவு அக்கறை பாருங்க" என்று வாத்தியார் நெகிழ்ந்து போனார். எனக்கும் கொஞ்சம் நெகிழ்ச்சியாகத்தான் இருந்தது. அதற்கடுத்த நாள் அவரை ஆடு கடிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னாள் என்று காவலாளியைத் தடியோடு என் பக்கத்தில் நிறுத்தினார்கள். அப்புறம் நுனியைக் கிள்ளிவிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. என் நுனியில் கிள்ள என்ன இருக்கிறது, உனக்குத் தெரியாதா? வாத்தியார் கத்தரிக்கோலோடு என் வழுக்கையைச் சுற்றிச் சுற்றி வந்தார், கடைசியில் மனசு கேட்காமல் மீசையில் பாதியை எடுத்துவிட்டார். பூச்சி வராமல் இருக்கச் சோப்புத் தண்ணீர் அடித்தார்கள். கண் எரிந்தபோது உன் அக்காவின் காபி ஞாபகம் வந்து, எனக்கு வேண்டியதுதான் என்று வாயை மூடிக்கொண்டேன்.

இதில் வேடிக்கை என்னவென்றால், வெளியில் வைத்துப் பாடம் நடத்த வேண்டும் என்று உன் அக்கா தலையால் தண்ணீர் குடித்தபோது அசையாத ஆசிரியர்கள் எல்லாம் இப்போது வகுப்பை வகுப்பாகக் கூட்டிக்கொண்டு என்னிடம் வருகிறார்கள். கணக்கு டீச்சர் என் நிழலை அளந்து உயரம் கண்டுபிடிக்கச் சொல்கிறார். அறிவியல் டீச்சர் என்னைப் படம் வரைந்து பாகம் குறிக்கச் சொன்னார். ஒரு பெண் என் கண்ணாடியை 'இலை' என்று குறித்து முழு மார்க் வாங்கிவிட்டது. தமிழ் ஐயா என்னைக் காட்டி 'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்று விளக்கினார். "இது என்ன பயிர் ஐயா?" என்று ஒரு பையன் கேட்டான். "இது விளைஞ்சு முடிஞ்ச பயிர்டா" என்றார் அந்தப் பாவி. சின்ன வகுப்புப் பிள்ளைகள் வரிசையாக நின்று ஆளுக்கொரு குவளை தண்ணீர் என் காலில் ஊற்றிவிட்டுப் போகிறார்கள். இருக்கிற தண்ணீர் முழுக்க எனக்கே சரியாகப் போவதால் கீரையும் முளைக்கவில்லை, தக்காளியும் முளைக்கவில்லை. என் காலைச் சுற்றி மட்டும் புல் மண்டிக் கிடக்கிறது. நேற்று ஒரு வாண்டு என்னை அண்ணாந்து பார்த்து, "தாத்தா, நீங்க எப்ப காய்ப்பீங்க?" என்று கேட்டது. 

முந்தாநாள் அவரை பந்தலில் ஏற்றிவிடச் சொல்லிவிட்டாள். ஏணி வைத்து ஏற்றினார்கள். மேலே படுத்துக்கொண்டு, சரி, காற்றாவது வருகிறதே என்று இருந்தேன். அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன் மாப்பிள்ளை. இன்று சாயங்காலம் பள்ளி விட்டு என்னை இறக்கும்போது வாத்தியார் முகமே சரியில்லை. எத்தனை கேட்டும் சொல்ல மாட்டேன் என்றார். ஏணியை எடுக்க விடாமல் பிடித்துக்கொண்டபோதுதான் சொன்னார். "சார், மனசை விட்டுடாதீங்க. இந்த வாரமும் ஒண்ணும் சரிப்படலைன்னா அவரை பிடுங்கிப் போட்டுட்டு அந்த இடத்துல வேற வச்சுப் பாக்கலாம்னு மேடம் சொல்றாங்க."

வேற வச்சுப் பாக்கலாமாம். வெயிலில் நட்டாள், நின்றேன். கட்டினாள், நின்றேன். மீசையைக் கிள்ளினாள், பாதி மீசையோடு நின்றேன். எதற்கு? ஓய்வு பெற்று வந்த மனுஷனால் இன்னும் ஒரு பிரயோஜனம் உண்டு என்று அவள் வாயால் ஒரு தடவை கேட்டுவிடலாம் என்றுதானே. இவ்வளவு வருஷம் குடும்பம் நடத்தியவனை ஒரு பருவத்துக்குள் காய்க்கவில்லை என்று பிடுங்கிப் போடுவது எந்த ஊர் நியாயம்? எனக்கு அழுகை வந்துவிட்டது. வாத்தியாரும் அழுதார். நாளை அவள் திரும்பி வருகிறாள், செயலாளரும் பார்வையிட வருகிறார். அவள் கையால் பிடுங்கப்படுவதைவிட நானாக வந்துவிடுவது மரியாதை. ஒரு பாய் போட இடம் கொடுத்தால் போதும். உன் சமையலறைப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்க மாட்டேன்.

உன் மனைவியை விசாரித்ததாகச் சொல். பிள்ளைகளுக்கு இந்த ஈரக்கையோடேயே என் ஆசிகள். எல்லோரும் நன்றாகப் படர்ந்து, மன்னிக்கவும், நன்றாக வளர்ந்து நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
வேரோடு ஆடிப்போயிருக்கும்
உன் அத்தான்

பின்குறிப்பு: குழாயை உடைத்துவிடாதே. நான் வரவில்லை. கடிதத்தை ஒட்டுவதற்குள் எல்லாம் நடந்து முடிந்துவிட்டது. காலையில் வழக்கம்போல் என்னைப் பந்தலில் ஏற்றிவிட்டார்கள். உன் அக்கா நேரே பள்ளிக்கு வந்து அண்ணாந்து பார்த்து, "பந்தல் மேல என்ன பண்றீங்க? மீசை எங்கே?" என்றாள். அவள் இத்தனை நாளும் போனில் சொன்னது அவரைச் செடியாம். அவள் அறை ஜன்னலில் காகிதக் குவளைகளில் நாற்று வைத்திருந்தாளாம். காவலாளி என் பக்கத்தில் தடியோடு நின்ற நேரத்தில் ஆடு அதையெல்லாம் தின்றுவிட்டுப் போயிருக்கிறது. விளையாட்டு வாத்தியார் மூன்றாம் வகுப்பில் ஒளிந்துகொண்டார். அதற்குள் செயலாளர் வந்து, வெறும் பாத்திகளைப் பார்த்துவிட்டு, "ஒரு செடிகூட முளைக்கலை. யாரை நம்பிம்மா இந்த இடத்தை இன்னும் ஒரு பருவம் விடறது?" என்று கேட்டார். உன் அக்கா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "அவரை நம்பித்தான்" என்றாள். செயலாளர் பந்தலைப் பார்த்தார், அவரை சீக்கிரம் காய்க்கும் என்று நினைத்தாரோ என்னவோ, தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். இந்தத் தோட்டத்தில் பேருக்குக்கூட ஓர் அவரைச் செடி கிடையாது மாப்பிள்ளை. ஆகவே அவள் சொன்னது என்னைத்தான். இரண்டொரு நாளில் உன்னிடம் அவரை விதை வாங்கி அனுப்பச் சொல்லிப் போன் பண்ணுவாள். எந்தக் கடையிலும் இல்லை என்று சொல்லிவிடு. அது முளைத்துவிட்டால், அன்றைக்கு அவள் யாரைச் சொன்னாள் என்று எனக்கே சந்தேகம் வந்துவிடும்.