ஆறாம் படிக்காரர்

பஸ் தெருமுனையில் திரும்பி மறைந்த பிறகுதான் பேராசிரியருக்குத் தன் கை காலியாக இருப்பது உறைத்தது. இன்னும் எண்ணிக்கூடப் பார்க்காத பரீட்சை விடைத்தாள்களும், பரீட்சைக்கு வந்தவர்களின் பட்டியலும் ஒரே கட்டாக ஜன்னல் சீட்டில் சொகுசாகப் போய்க்கொண்டிருந்தன. டிப்போவுக்கு மூன்று தடவை நடந்தார். கட்டு கிடைக்கவில்லை.

மனிதனின் ஒழுக்கம் குழந்தைப் பருவத்திலிருந்து முதுமை வரை எப்படி வளர்கிறது என்பதுதான் அவர் பாடம். மொத்தம் ஆறு படி. அடிக்குப் பயந்து நல்லவனாக இருப்பது முதல் படி. யார் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் மனசாட்சிப்படி நடப்பது ஆறாம் படி. இருபது வருஷமாகச் சொல்லிக்கொடுத்ததில், தான் ஆறில் நிற்பதாக அவருக்கு ஒரு நினைப்பு.

"பேசாம பிரின்சிபல் மேடம்கிட்ட உண்மையைச் சொல்லிடுங்க," என்றாள் மனைவி.

"திங்கக்கிழமை துறைத் தலைவர் யாருன்னு அறிவிக்கப் போறாங்க. இப்பப் போய்த் தொலைச்சிட்டேன்னு சொன்னா, பதவி எதிர் ரூம்காரனுக்குத்தான்."

"அதுக்காக?"

"உனக்குப் புரியாது. நீ மூணாம் படி. நாலு பேர் என்ன சொல்வாங்கன்னு பாக்கற படி."

"சரி. ஆறாம் படியில நிக்கறவர் பாத்து இறங்குங்க. அங்கேர்ந்து விழுந்தா அடி பலமா இருக்கும்."

ஆறாம் படி மனசாட்சி அரைமணி நேரம் யோசித்தது. பிள்ளைகளின் குணம்தான் அத்துப்படியாயிற்றே, அதை வைத்தே மார்க் போட்டால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்டது. முன் பெஞ்சில் உட்கார்ந்து தலையாட்டுகிறவளுக்கு எண்பத்தொன்று. கேள்வி கேட்டே உயிரை எடுக்கிறவனுக்கு ஐம்பது. ஜன்னலோரம் தூங்குகிற பெண்ணுக்கு, போனால் போகிறதென்று நாற்பத்தொன்று. நாற்பது எடுத்தால் பாஸ். மறுநாளே மார்க் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிட்டார்.

அடுத்த நாள் காலையில் பிரின்சிபல் போன் செய்தார்.

"உங்க மாணவி ஒருத்தி மார்க் விஷயமா பேசணும்னு வந்திருக்கா. உங்க முன்னாடிதான் சொல்வாளாம். மூணு மணிக்கு அவ பேப்பரை எடுத்துட்டு வந்திடுங்க."

யாரென்று விசாரித்தால், ஜன்னலோரம்.

"சும்மா பாஸ் போட்டுக் குடுத்தா, அது போதாதாம். தன் லாபத்தை மட்டும் பாக்கற ரெண்டாம் படி!" என்று பல்லைக் கடித்தார் பேராசிரியர்.

அறையைத் தாழிட்டார். அவளுடைய பழைய லீவ் லெட்டரை எதிரில் வைத்துக்கொண்டு, அதே கோழிக் கிறுக்கலில் விடைத்தாளை எழுத ஆரம்பித்தார். நாற்பத்தொன்றுக்குத் தகுந்தாற்போல் தப்பும் தவறுமாக எழுதத்தான் நினைத்தார். ஆனால் தன் பாடத்தைத் தானே தப்பாக எழுத அவருக்குக் கை வரவில்லை. நாலு பக்கம் போயிற்று. நேர்மையைப் பற்றிய கடைசிப் பத்தியில் அவருக்கே கண் கலங்கிவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, சிவப்பு மையில் நாற்பத்தொன்று போட்டார்.

மூன்று மணிக்கு பிரின்சிபல் அதைப் படிக்கப் படிக்க, அவர் புருவம் மேலே ஏறியது. எதிரே அந்தப் பெண் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"பிரமாதமா எழுதியிருக்கா. இதுக்கு நாப்பத்தொண்ணுதானா?"

பேராசிரியர் அவசரமாகத் தாளைக் கையில் வாங்கிக்கொண்டார்.

"கூட்டினதுல தப்பு நடந்துபோச்சு மேடம். எழுபத்தெட்டு வரணும்." அங்கேயே அடித்துத் திருத்தினார். திங்கட்கிழமை கைவிட்டுப் போகவில்லை என்ற நிம்மதியில் அந்தப் பெண்ணைப் பார்த்துப் பெருந்தன்மையாகச் சிரித்தார். "இப்ப திருப்திதானேம்மா?"

அவள் தாளை எட்டிப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"நான் மார்க் கூடுதலாக் கேக்க வரல சார். அன்னிக்கு நான் பரீட்சைக்கே வரல. பட்டியல்ல எனக்கு நாப்பத்தொண்ணு போட்டிருக்கு, அதை எடுத்துடுங்கன்னு சொல்லத்தான் வந்தேன்."