எட்னாவின் மேப்பிள் மரமும் அறுபத்தொன்றாம் சேனலும்

படமே இல்லாமல் டிவி திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகளாகப் பனி கொட்டியது. ஜன்னலுக்கு வெளியே நல்ல மே மாத வெயில்.

"இதுக்குத்தான் நான் விளம்பரம் குடுக்கிறேனா?" என்றார் ஹார்ட்ஸல்.

"இலை துளிர்த்ததால வந்த வினை சார்," என்றான் எல்வுட். "குளிர்காலத்துல மரமெல்லாம் மொட்டையா நின்னப்போ எவ்வளவு பளிச்சுன்னு தெரிஞ்சுது."

எல்வுட் அறுபத்தொன்றாம் சேனலுக்கு விளம்பரம் பிடிப்பவன். அந்தப் பென்சில்வேனிய ஊரில் சேனல் தொடங்கி ஆறு மாதம்கூட ஆகவில்லை. அதைப் பார்க்க டிவியோடு தனியாக ஒரு பெட்டி மாட்ட வேண்டும். ஊரில் பெரும்பாலோர் மாட்டவில்லை. மிச்சமிருந்த ஒரே விளம்பரதாரர் மரச்சாமான் கடைக்காரர் ஹார்ட்ஸல்தான். அவரும் விலகினால் சேனலை மூட வேண்டியதுதான்.

ஹார்ட்ஸல் வீட்டுச் சமையல்காரி வெர்னா காபியை வைத்தாள். "உங்க ஆபீசுக்கு ஒரு போன் போட்டுக் கேளேன் தம்பி."

"அங்க ஒரு கோளாறும் இருக்காது. நான் பார்த்துக்கிறேன்."

சொந்த ஆபீசிடமே படம் வரவில்லை என்று கேட்பதா, அதுவும் விளம்பரதாரர் எதிரில்?

கூரையேறி ஆன்டெனாவைத் திருப்பினான். மழைநீர்க் குழாய் பெயர்ந்து விழுந்தது. ஆன்டெனாவைப் புகைபோக்கியில் கட்டினான். இரண்டு செங்கல் உள்ளே விழுந்து, கணப்பு வழியாகக் கிளம்பிய புகைக்கரி கூடத்துச் சோபா முழுக்கப் படிந்தது.

"இப்பவாவது போன் பண்ணேன்பா," என்றாள் வெர்னா, சோபாவைத் தட்டிக்கொண்டே.

"வாசல்ல நிக்கிற அந்த மேப்பிள் மரம்தான் மறைக்குது," என்றான் எல்வுட்.

ஹார்ட்ஸல் வெகுநேரம் மரத்தைப் பார்த்தார். "எங்களுக்குக் கல்யாணமான வருஷம் எட்னா நட்டது."

"வேண்டாம் சார், விட்டுடுங்க."

"போன குளிர்காலம் பூரா, கண் மூடுற வரைக்கும், அவ உங்க சேனல்தான் பார்த்தா. அதுல ஆர்கன் வாசிக்கிற பொண்ணுன்னா அவளுக்கு உசிரு. எனக்கும் அதைக் கேட்டாத்தான் அவ பக்கத்துல இருக்கிற மாதிரி இருக்கு." எழுந்தார். "ரம்பம் ஷெட்ல இருக்கு. ஆளுக்கு ஒரு பக்கம் பிடிப்போம்."

மரம் சாய்ந்தது. சாய்ந்த இடத்தில் அவருடைய கார் நின்றிருந்தது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் உள்ளே வந்து டிவி முன் உட்கார்ந்தார்.

அதே பனி.

வெர்னா யாரையும் கேட்காமல் போனைச் சுழற்றினாள். "அறுபத்தொண்ணாம் சேனலா? இங்க படமே வரலியேம்மா."

எதிர்முனையில் பேசியவள் ஆபீசில் போன் எடுக்கும் லோயிஸ். அவளுடைய உடைந்த குரல் கூடம்வரை கேட்டது.

"காலையிலயே டிரான்ஸ்மிட்டர் எரிஞ்சுபோச்சும்மா. 'மத்தியானத்துக்குள்ள ஒரே ஒருத்தர் படம் எங்கேன்னு கேட்டாக்கூட சரி பண்ணி நடத்துறேன், இல்லேன்னா மூடிடுறேன்'னு முதலாளி சொன்னாரு. ஒருத்தரும் கேக்கல. லைசென்ஸைத் திருப்பிக் குடுத்துடுறேன்னு சர்க்காருக்கு இப்பதான் தந்தி குடுத்துட்டு வர்றாரு. காலையில இருந்து நாங்க எல்லாரும் இந்தப் போனையே பார்த்துட்டு உக்காந்திருந்தோம்."