நாலு அடுப்பும் ஒரு கையெழுத்தும்

2022 ஜூன் 21, செவ்வாய்க்கிழமை, காலை 9.20. வீட்டில் அடுப்பு நாலு. எரிவது பூச்சியம்.

தில்லையடி,
புத்தளம்.

அன்புள்ள சுல்பா ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் உதவியால் நாங்கள் நாலு பேரும் உயிரோடும் ஓரளவு பசியோடும் இருக்கிறோம். குவைத்தில் நீங்களும் சுகமாக இருக்க வேண்டுமென்று உம்மா ஒவ்வொரு தொழுகையிலும் கேட்கிறா. நான் தொழுகிற நேரங்களில் நானும் கேட்கிறேன்.

வெள்ளிக்கிழமைகளில் உங்கட மேடம் தருகிற பத்து நிமிஷத்தில் வாப்பா, உம்மா, உங்கட மகள் ரிஃப்கா மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்துவதால் எனக்கு மிஞ்சுவது "சரி, வைக்கிறேன்" மட்டும்தான். அதனால்தான் கடிதம். முன்வீட்டுக் கமறியா ராத்தா வியாழக்கிழமை குவைத்துக்கு வேலைக்குப் போறா, அவட கையில் வரும். நேரடியாகச் சொல்கிறேன். ஒப்பந்தம் முடியுது, இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடவா, ஊருக்கு வரவா என்று கேட்டிருந்தீங்க. வாற மாசம் அஞ்சாம் திகதிக்குள் சொல்ல வேணுமாம். போடச் சொல்லி எழுதச் சொன்னது வாப்பா. ஏன் என்று விளக்குவது என் வேலை. நான் ஐஸ் ஃபெக்டரி மெக்கானிக், பழுதை முதலில் இருந்துதான் தேடுவேன்.

முதல் அடுப்பு கேஸ். பெருநாளோடு முடிந்தது. வெறும் சிலிண்டரைக் கொண்டுபோய்ப் போலிம் வரிசையில் வைத்தேன், இப்ப மனிசர் வரிசையில் நிற்பதில்லை, சிலிண்டர்தான் நிற்கும், களவு போகாமல் இருக்க அறுபத்தி ரெண்டு சிலிண்டரையும் ஒரே சங்கிலியில் கோத்துப் பூட்டித் திறப்பை வரிசைக்குப் பொறுப்பாக நின்ற ஜபார் காக்காவிடம் குடுத்தோம், அவர் சிலாபத்தில் ஒரு மையத்து அடக்கத்துக்குப் போனவர் மோட்டார் சைக்கிளுக்குப் பெட்ரோல் இல்லாமல் அங்கேயே நின்றுவிட்டார், அடுத்த நாள் கேஸ் லொறி வந்தது, சங்கிலியைப் பார்த்தது, போய்விட்டது. ரெண்டாவது, மண்ணெண்ணெய் அடுப்பு. நீங்க அனுப்பிய காசில் வாங்கினது. அது வீட்டுக்கு வந்த கிழமையே மண்ணெண்ணெய் ஊரில் இல்லாமல் போனது. எப்படியோ ரெண்டு லீற்றர் கிடைத்தது, வாப்பா அதைத் தோணி எஞ்சினுக்கு எண்டார், உம்மா அடுப்புக்கு எண்டா. எஞ்சினுக்கு ஊற்றினால் மீன் வரும், சமைக்க அடுப்பில்லை. அடுப்புக்கு ஊற்றினால் அடுப்பு எரியும், சமைக்க மீனில்லை. ரெண்டு பேரும் ஆளுக்கொரு லீற்றர் எடுத்தார்கள். வாப்பா களப்பில் பாதி வழியில் நின்று துடுப்பு வலித்து வந்தார், உம்மாட பருப்பும் பாதி வழியில் நின்றது.

மூணாவது, கறன்ட் அடுப்பு. வேணாம் எண்டு படித்தவன் நான் சொன்னேன், ஒருவரும் கேட்கவில்லை. கறன்ட் வெட்டுகிற நேரசூசியை அலுமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறேன். எங்கட பக்கம் பி குரூப், கமறியா ராத்தாட பக்கம் கியூ குரூப். அரிசி கொதிக்கத் தொடங்கும்போது பி போகும். உம்மா பானையைத் துணியில் பிடித்துக்கொண்டு ஒழுங்கையைக் கடந்து கியூவுக்கு ஓடுவா. அங்கே முக்கால் வேக்காடு ஆகும்போது கியூ போகும், பி வரும். திரும்பி ஓடுவா. ஒரு பானைச் சோறு ரெண்டு குரூப்பில் வெந்ததை நான் இந்த வருஷம்தான் பார்த்தேன். நாலாவது, மூணு கல். ஊரே விறகுக்கு மாறினதில் தேங்காய்ப் பொச்சுமட்டைக்கும் விலை ஏறிவிட்டது. அரைவிலைக்கு ஒரு வண்டில் பொச்சு கிடைத்தது எண்டு வாப்பா பெருமையாக இறக்கினார். கயிறு திரிக்க ஆறு மாசம் தண்ணியில் ஊறப்போட்ட பொச்சு. இப்ப முற்றத்தில் காயுது. மணத்தைப் பற்றி எழுத மாட்டேன்.

இந்த நிலைமையில்தான் சர்வதேச நாணய நிதியத்து ஆட்கள் கொழும்புக்கு வந்து பேசுகிறார்கள். கடன் தருவதென்றால் வரியைக் கூட்டு, கறன்ட் பில்லைக் கூட்டு என்பார்களாம். "இல்லாத கறன்டுக்கு எப்பிடி பில் கூடும்?" என்று உம்மா கேட்டா. மார்ச்சில் ரூபாயை மிதக்க விட்டார்கள் எண்டு ரேடியோவில் சொன்ன அன்றைக்கு வாப்பா எழும்பி நின்று அல்ஹம்துலில்லாஹ் எண்டார்.

"மிதக்குது எண்டா நல்லதுதானேடா. தண்ணிக்குள்ள தாண்டாத்தான் பயம்."

"வாப்பா, நங்கூரம் அறுந்த தோணியும் மிதக்குதுதான்."

"அப்ப ஆராவது ஏறிப் பிடிக்கணும்" எண்டார். பிறகு யோசித்துவிட்டு, "சுல்பாட சம்பளமும் சேந்து மிதக்குதேடா, அவ பிடிப்பா" எண்டார்.

கணக்கில் அவர் பிழையில்லை. முன்னம் ஒரு தீனார் அறுநூற்றி அறுபது ரூபா, இப்ப ஆயிரத்தி நூற்றி எழுபது. உங்கட சம்பளம் ஒண்டே முக்கால் மடங்கு ஏறியிருக்கு, பாண் விலை மூணு மடங்கு ஏறியிருக்கு. அப்படியிருந்தும் இந்த வீட்டில் ஓடுகிற ஒரே எஞ்சின் நீங்கதான். வாப்பாட தோணி மணலில் கிடக்கு. கறன்ட் இல்லாமல் ஃபெக்டரியைப் பூட்டி, என்னை வீட்டுக்கு அனுப்பி ஆறு கிழமை. மச்சான் மவுத்தாகி நீங்க போகும்போது ரிஃப்காவுக்கு அஞ்சு வயசு, இப்ப ஒன்பது, இன்னும் ரெண்டு வருஷம் எண்டால் பதினொண்டு. இதையும் கணக்கில் சேர்த்தேன். எந்த நிரலில் போடுவதென்று தெரியாமல் வெளியே எடுத்துவிட்டேன். ஆகவே கையெழுத்துப் போடுங்கள்.

வாப்பாவும் உம்மாவும் சலாம் சொல்லச் சொன்னார்கள். உங்கட கை வேலைக்கும் கால் வலிக்கும் அல்லாஹ் பறகத்தும் லேசும் தரட்டும்.

இப்படிக்கு,
உங்கட தம்பி,
செ. ஹில்மி

பி.கு: நேரம் பகல் 12.05. மேலே எழுதினதை விட்டுத் தள்ளுங்கள்.

கடிதத்தை மடிக்கும்போது ரிஃப்கா வந்து பக்கத்துக் கதிரையில் குந்தினா. பெட்ரோல் இல்லையெண்டு ஸ்கூல் லீவு.

"மாமா, உம்மாட சம்பளம் கூடிட்டாமே?"

"ஓம்."

"அப்ப உம்மா கெதியா வருவாவா, சுணங்கிப் பிந்தி வருவாவா?"

கேட்ட கேள்விக்குச் சரியான விடை சொல்வது என் பழக்கம். "சுணங்கி" எண்டேன்.

"அப்ப குறைக்கச் சொல்லி எழுதுங்க" எண்டா. சொல்லிவிட்டு விளையாடப் போய்விட்டா.

நான் கணக்கை முதலில் இருந்து பார்த்தேன் ராத்தா. பெருக்கலில் பிழையில்லை. எண்டாலும் கடிதத்தை ஒட்ட ஏலாமல் போச்சு. வாசலில் வலை பொத்திக்கொண்டிருந்த வாப்பா எல்லாத்தையும் கேட்டிருக்கிறார். எழும்பி வந்தார்.

"நான் சொன்னதெல்லாம் எழுதிட்டியா?"

"ஓம்."

"கிழி." நான் கிழிக்கப் போனதும் கையைப் பிடித்தார். "கிழியாத, கொப்பி விக்கிற விலைக்கு! அடியில இடமிருக்கா?"

"இரிக்கி."

"வரச் சொல்லு."

குசினிக்குள் இருந்து உம்மா, "பெரிசா எழுதச் சொல்லுங்க" எண்டா.

கையெழுத்துப் போடாதீங்க. வாங்க.

இனி நான் செய்யப்போவது:

1. பின்னேரத்துக்குள் இதைக் கமறியா ராத்தாவிடம் குடுப்பேன். கவரில் "கடைசிப் பக்கத்தை முதலில் வாசிக்கவும்" என்று எழுதுவேன்.

2. நாளைக்கு ரயில் ஓடினால் சிலாபத்துக்குப் போய் நிக்கொலஸ் ஐயாவின் ஃப்ரிட்ஜ் திருத்துகிற கடையில் சேருவேன். கறன்ட் போய்ப் போய் வருவதில் ஊரில் எல்லாருடைய ஃப்ரிட்ஜும் எரியுது, அவருக்கு ஆள் போதாதாம். சம்பளம் உங்கட சம்பளத்தில் கால்வாசியும் வராது. தெரியும். அதை எழுதி அனுப்பத் தேவையில்லை.

3. கறன்ட் அடுப்பை விற்பேன். வாங்குகிறவருக்கு உண்மையைச் சொல்லித்தான் விற்பேன், அதனால் சுணங்கும்.

4. நீங்க வாற அன்றைக்கு விமான நிலையத்துக்கு வருவேன். வான், ரயில், மீன் லொறி, எது ஓடுதோ அதில்.

5. இப்ப எழும்பி வெளியே போய், நான் சொன்ன விடை பிழை என்று ரிஃப்காவிடம் சொல்லுவேன்.